கால் படாத இடம்

உக்காருங்க, உக்காருங்க. என்னைக் கேக்க வேண்டியதே இல்லீங்க, அது பொதுப் பெஞ்சு. கார்ப்பரேசன் போட்டது. எங்க கடை வாசல்ல கெடக்கறதால வர்றவங்க அல்லாரும் எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுப்போட்டுத்தான் உக்கார்றாங்க. அது ஒரு மரியாதை, சரி.

வூட்டுக்காரம்மா ராமலிங்கம் ஜவுளிக்கடைக்குள்ள போயிருக்காங்களாக்கும்? கண்ணாலப் பொடவைங்களா? அப்பச் சரி, இப்பத்திக்கு வரமாட்டாங்க. நல்லா சாஞ்சு உக்காருங்க. எனக்கும் வெளக்கு வெக்கற நேரம் வரைக்கும் ஒரு சோலியும் இல்லை.

கொஞ்சம் அக்கட்ட நகந்துக்கோங்க, வெயில் நேரா மூஞ்சியில அடிக்குது. போன வருசம் இதே ஆனி மாசம் வந்திருந்தீங்கன்னா இந்தப் பெஞ்சுல பாதிக்கு நெழல் இருந்திருக்கும். இந்தா, இந்தக் குழியில ஒரு குச்சி நிக்குதே, இது புதுசுங்க. நட்டு இருவது நாள்தான் ஆச்சு. இதுக்கு முன்னாடி இதே குழியில ஒரு மந்தாரை மரம் நின்னுச்சு. ஒண்ணரை ஆள் உசரம் வந்துபோச்சு. அது செத்துப்போச்சுங்க. அதுனால ஒரு பொம்பளைக்கு வேலையும் போச்சு. அதுல எனக்குக் கொஞ்சம் வெசனம். சொல்றன், கேளுங்க. நீங்க வெளியூரு, இந்த வீதியில உங்களுக்கு வேண்டியவங்க வேண்டாதவங்க ஆருமில்லை. நீங்களே நாயத்தைச் சொல்லிப்போட்டுப் போங்க.

எம்பேரு சென்னியப்பனுங்க. இந்தச் சாவடி வீதியில முப்பத்தோரு வருசமா சீர்ப் பாத்திரக் கடை வெச்சிருக்கறன். அண்டா, குத்துவெளக்கு, பித்தளைக் கொடம், இட்லிச் சட்டி, அல்லாம். சத்தியமங்கலத்துல இருந்து, காங்கயத்துல இருந்து வந்து எடுத்துட்டுப் போவாங்க. வியாபாரிகள் சங்கத்துக்கு ஒம்பது வருசமா நாந்தான் செயலாளர். மனசுல ஒண்ணு வெச்சுட்டு வெளிய ஒண்ணு பேசற ஆள் இல்லீங்க நானு. கண்ணால பாத்ததைத்தான் சொல்லுவன்.

இந்த வீதி முன்ன எப்படி இருக்கும்னா, கடைப் படியில இருந்து எறங்குனா தொறந்த சாக்கடை, அதைத் தாண்டுனா ரோடு. அவ்வளவுதான். வண்டி, மாடு, ஆளு அல்லாம் ஒரே தடத்துல போகும். ஆனா வேன் வந்து நேரா எங்க படியில ஒட்டி நிக்கும். சீருக்குப் பாத்திரம் எடுக்கறவங்க அண்டாவைத் தலையிலயா தூக்கிட்டுப் போவாங்க? அப்பத்தான் இந்தத் திட்டம் வந்துது. வீதியை மாத்தறோம்னு. நடக்கறவங்களுக்குப் பன்னெண்டு அடி, ரெண்டு பக்கமும் மரம், பெஞ்சு, வண்டி நிறுத்தற எடம் அரை மைல் தாண்டி.

ஒரு கூட்டம் போட்டு எங்களுக்கெல்லாம் படம் காமிச்சாங்க. பெரிய திரையில. படத்துல எங்க வீதியில ஒரு வெள்ளக்காரப் பொம்பளை கொழந்தை வண்டியைத் தள்ளிட்டு நடந்து போறா. நான் எந்திரிச்சுக் கேட்டனுங்க, "ஏனுங் சார், இந்தம்மா எங்க கடைக்கு எப்ப வரும்?"னு. அல்லாரும் சிரிச்சாங்க. இஞ்சினியரும் சிரிச்சாரு. சிரிச்சுப்போட்டு அடுத்த மாசமே ரோட்டைத் தோண்டிப் போட்டாங்க.

நாங்க ஒருநாள் கடையடைச்சோம், மனு குடுத்தோம், ஒண்ணும் ஆகலை. எட்டு மாசம் பலகை மேல நடந்துதான் கடைக்குள்ள வரோணும். அப்புறம் ஒருவழியா முடிஞ்சுது. சாக்கடையக் கல்லுப் போட்டு மூடிட்டாங்க. நாத்தம் போச்சு, அதை நான் ஒத்துக்கறனுங்க. இல்லாததைச் சொல்லக்கூடாது. இந்தா பாருங்க, இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரே கல்லு. ஒரு சாண் மண்ணுத் தரை இல்லை. மண்ணுன்னு இருந்தா இந்த மரக்குழி இருவத்தாறுதான்.

துளசிமணியப் பத்திச் சொல்லோணுமே.

துளசிமணி இந்த வீதியில பூ வித்துட்டு இருந்த அம்மிணி. எங்க படிக்குப் பக்கத்துல, சாக்கடை மேல ஒரு பலகை போட்டு உக்காந்துக்கும். பதினெட்டு வருசமுங்க. எங்க கடைச் சாமி படத்துக்கு நித்தமும் அதுகிட்டத்தான் பூ. புருசன் போயிட்டான், ஒரே புள்ள, நர்சுக்குப் படிக்குது. வீதி வேலை ஆரம்பிச்சப்ப பூக்காரங்க அல்லாரையும் எந்திரிக்கச் சொல்லிப்போட்டாங்க. மத்தவங்க வேற வேற பக்கம் போயிட்டாங்க. துளசிமணிக்கு மட்டும் மரம் நட்ட காண்ட்ராக்டர் ஒரு வேலை குடுத்தாரு. இருவத்தாறு மரத்துக்கும் தண்ணி ஊத்தோணும், களை பறிக்கோணும், காவல் பாக்கோணும். அந்த வேலைக்குச் சொல்லி உட்டதே நாந்தானுங்க. காண்ட்ராக்டர் என்னைக் கேட்டாரு, "நம்பிக்கையான ஆள் இருக்குதா"ன்னு. "பதினெட்டு வருசமாப் பாக்கறன், ஒரு பூ கூடக்கொறைச்சல் இருக்காது"ன்னு சொன்னேன். இதை நீங்க மனசுல வெச்சுக்கோங்க. அதுக்கு வேலை வாங்கிக் குடுத்ததே நானு.

காண்ட்ராக்டர் ஒரு பேச்சு குடுத்திருந்தாரு அதுக்கு. ரெண்டு கோடை தாண்டி இருவது மரமாச்சும் உசுரோட நின்னுச்சுன்னா வேலை நிரந்தரம், பூங்காவுல போட்டுருவோம்னு. அதைச் சொல்றதுக்கு எங்க கடைக்கு ஓடி வந்துதுங்க. கையெல்லாம் சேறு. "ஏனுங்ணா, இருவது போதுமாமா. நான் இருவத்தாறையும் நிக்க வெச்சுக் காட்டறேன் பாருங்க"ன்னு சொல்லுச்சு. எங்கூட்டுக்காரி சாந்தாமணி உள்ள இருந்து காப்பித் தண்ணி கொண்டாந்து குடுத்தா.

அப்படித்தான் வளத்துச்சு. மொதக் கோடையில ஒரு எலை வாடலை. காத்தால அஞ்சரைக்கு லாரித் தண்ணி வரும், கொழாயப் புடிச்சுட்டு ஒவ்வொரு மரமாப் போகும். எங்க மரத்துகிட்ட நின்னா ஒரு நாயம் பேசிட்டுத்தான் நகரும். "உங்க மரந்தானுங்ணா வாளிப்பா வருது"ங்கும். எங்க மரமுன்னு அதுதான் மொதல்ல சொல்லுச்சு. நான் மரம் வேண்டாமுன்னு மனுக் குடுத்தவன். ஆனா அப்படிச் சொல்லிச் சொல்லி எனக்கும் அது எங்க மரமாப் போச்சுங்க. மரத்தைச் சுத்திப் போட்ட கூண்டுக்குப் பச்சைப் பெயிண்ட் நாந்தான் அடிச்சேன். ஒருத்தன் அதுல சைக்கிளச் சாத்துனான், வெரட்டி உட்டேன். மந்தாரை பூத்தப்ப, போன கார்த்திகையில, நாலே நாலு பூ, வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் நானும் சாந்தாமணியும் காமிச்சோம். சொன்னா வெக்கந்தான். பேரன் பேத்தி இல்லாத வூடுங்க எங்களுது.

ஆனா ஏவாரம் படுத்துப்போச்சு. வேன் வர முடியலையே. நாள் பூரா நானும் சாந்தாமணியும் குத்துவெளக்கைத் தொடச்சுட்டு உக்காந்திருப்போம். கடைசியில அவ அவிநாசிப் பக்கம் ஒரு சோசியரப் போய்ப் பாத்தா. அவரு சொன்னாராம், வீதி தெறந்து போச்சு, அல்லார் கண்ணும் கடை மேல விழுகுது, திருஷ்டின்னு. ஒரு மண்டலம், நாப்பத்தெட்டு நாளு, வெளக்கு வெக்கற நேரத்துல சின்னக் கொடத்துல தண்ணி எடுத்து, ரெண்டு கை கல்லுப்பு, மஞ்சள், வரமொளகா போட்டுக் கரைச்சு, கடையச் சுத்திப்போட்டுக் கால் படாத எடத்துல ஊத்தோணும். மண்டலம் முடிஞ்சா வெள்ளிக்கு வெள்ளி செய்யோணும்.

முன்னயும் வெள்ளிக்கெழமை சுத்திப் போடறது உண்டுங்க. சாக்கடையில ஊத்திருவோம். இப்ப அதுதான் மூடியாச்சே. கால் படாத எடத்துக்கு எங்க போறது? பன்னெண்டு அடிக்கும் ஆள் நடக்குது, அதுக்குன்னே போட்ட எடம். ரோட்டுல ஊத்துனா அடுத்தவன் மிதிச்சு அவனுக்குப் போகும், அந்தப் பாவம் நமக்கு வேண்டாம். அப்பத்தான் சாந்தாமணி சொன்னா, கூண்டு போட்ட மரக்குழியில ஆரும் கால் வெக்கமாட்டாங்கன்னு. கெட்டிக்காரி. தை மாசம் ஆரம்பிச்சோம்.

நம்புனா நம்புங்க, ஒரே மாசத்துல ஏவாரம் திரும்பிருச்சு. வெயில் ஏற ஏற, ஜவுளிக்கடைக்கு வந்த பொம்பளைங்கல்லாம் இந்தப் பெஞ்சுல மரத்து நெழலுக்கு உக்காருவாங்க. உக்காந்தவங்க கண்ணு கண்ணாடி அலமாரியில விழுகும். எந்திரிச்சு உள்ள வந்து ஒரு சொம்பாச்சும் எடுத்துட்டுத்தான் போவாங்க. பெரிய அண்டா போகலை, சில்லறைச் சாமான் கட்டுக்கட்டாப் போச்சு. சோசியருக்குக் கைமேல பலன். நான் ஒளிச்சு வெக்கற ஆளா? சங்கக் கூட்டத்துல எந்திரிச்சுச் சொன்னேன். ராமலிங்கம் அன்னைக்கே ஆரம்பிச்சாரு. அப்புறம் செருப்புக்கடை, பேன்சி ஸ்டோரு, பலகாரக் கடைன்னு வரிசையா அல்லாரும். வெளக்கு வெக்கற நேரத்துல இந்த வீதியில நின்னு பாத்தீங்கன்னா ஒவ்வொரு கடையில இருந்தும் ஒரு கொடம் வெளிய வரும். பாக்கறதுக்கே ஒரு ஒத்துமையா இருக்குமுங்க. சங்கம் ஆரம்பிச்சு இத்தனை வருசத்துல அல்லாரும் சேந்து ஒண்ணு செஞ்சது அதுதான்.

அந்த நேரம் பாத்து மரத்துக்கு வந்துது கேடு.

மாசி கடைசியில மொதல்ல எங்க மரந்தான். எலை ஓரமெல்லாம் நெருப்புல காட்டுன மாதிரி கருகுச்சு. துளசிமணி பதறிப்போச்சு. ஒருநாளைக்கு ரெண்டு தடவை தண்ணி ஊத்துச்சு, சாணி கரைச்சு ஊத்துச்சு. பங்குனியில ராமலிங்கம் மரம், அப்புறம் செருப்புக்கடை மரம். தெனமும் காத்தால அது கருகுன எலையப் பொறுக்கி முந்தானையில போட்டுட்டு நிக்கும். ஒருநாள் என்ன பண்ணுச்சுன்னா, குழியில இருந்து ஒரு துளி மண்ணை எடுத்து நாக்குல வெச்சுது. வெச்சுத் துப்பிப்போட்டு என்னைப் பாத்துச்சு. "ஏனுங்ணா, உப்புக் கரிக்குது"ங்குது.

நான் அப்பவே புடிச்சுட்டனுங்க. லாரித் தண்ணி! எந்த போர்வெல் தண்ணியக் கொண்டாந்து ஊத்தறாங்களோ, ஆருக்குத் தெரியும்? "அம்மிணி, நீ ஊத்தற தண்ணி உப்புத் தண்ணி"ன்னேன். "இல்லீங்ணா, அதைத்தான் நானே குடிக்கறேன்"னு சொல்லுச்சு. குடிச்சும் காமிச்சுது, கொழாயில வாய வெச்சு. ஒரு ஆளு சாதிக்கோணும்னா எதையும் குடிக்கும், இல்லீங்களா?

அப்புறம் எங்கிட்ட ஒண்ணு கேட்டுச்சு. "நீங்க நாள் பூரா வாசலையே பாத்துட்டு உக்காந்திருக்கறீங்க. ஆராச்சும் வந்து குழியில எதையாச்சும் ஊத்தறாங்களாங்ணா? பாத்துச் சொல்லுங்க"ன்னு. அப்படிக் கேட்டா நமக்கு எப்படி இருக்கும்? எங்க மரம். நான் காவல் இருக்கறப்ப எவன் வந்து ஊத்துவான்? "ஒரு ஈ காக்கா அண்ட உடமாட்டேன், நீ போ"ன்னேன். சொன்னதோட உடலீங்க. மேல பாருங்க, கடைக்குக் கேமரா இருக்குதா? அதை மரத்துப் பக்கம் திருப்பி வெச்சேன். ஒரு வாரம் பதிவு எடுத்து நானும் சாந்தாமணியும் உக்காந்து பொறுமையா ஓட்டிப் பாத்தோம். ஒரு நாய் வந்துது, காலைத் தூக்குச்சு, போச்சு. ஒரு பையைத் தொலைச்சவன் வந்து தேடுனான். மத்தபடி வெளக்கு வெக்கற நேரத்துல நாங்க ரெண்டு பேருந்தான் கொடத்தோட வர்றோம், போறோம். வேற ஒரு ஆள் கெடையாது. துளசிமணியக் கூப்புட்டுச் சொன்னேன், "ஒரு வாரம் பூராப் பாத்துட்டேன் அம்மிணி, ஒருத்தரும் வரலை"ன்னு. தலைய ஆட்டிட்டுப் போயிருச்சு.

சித்திரை முடியறதுக்குள்ள பதினஞ்சு மரம் போச்சு. பதினஞ்சு! மிச்சம் நிக்கறதுலயும் முக்காவாசி கருகல்தான். எங்க மரத்தை வெட்டுன அன்னைக்குச் சாந்தாமணி சாப்பிடலை. வெட்டுனவன் வேரைப் புடுங்கிப் போட்டான், கையில தொட்டா ஒடியுது.

சங்கத்துல கூட்டம் போட்டோம். அல்லாருக்கும் கோவம். வேண்டாம் வேண்டாமுன்னு சொன்ன மரத்தை வெச்சாங்க, நாங்க பழகுனதுக்கு அப்புறம் சாக உட்டா? ஆராச்சும் பதில் சொல்லோணுமில்ல? அப்பத்தான் ஒருத்தர் கேட்டாரு, ஜாபர் பாய் கடை முன்னாடி இருக்கற மரம் மட்டும் எப்படிங்க இப்படி நிக்குதுன்னு. அந்தா, கைக்கடிகாரக் கடை தெரியுதுங்களா? மரத்தைப் பாருங்க. மாடியத் தொடுது. அக்கட்டால பேங்கு வாசல்ல ஒண்ணு, அதும் அப்படித்தான். அப்ப என்ன அர்த்தமுங்க? பாய் துளசிமணிக்கு நித்தமும் டீ வாங்கிக் குடுப்பாரு. நோம்புக் கஞ்சி குடுப்பாரு. நல்ல தண்ணி அங்க போகுது, உப்புத் தண்ணி இங்க வருது. நாங்க அப்படித்தான் நெனச்சோம். கண்ணுக்கு முன்னாடி மரமே சாச்சி நிக்குது, வேற என்ன நெனைக்கறது?

கார்ப்பரேசனுக்கு மனுவ நாந்தான் எழுதுனேன். எனக்குத்தான் கோர்வையா எழுத வரும். "மண் உப்புக் கரிப்பதை மேற்படி பணியாளரே தன் வாயால் ஒப்புக்கொண்டுள்ளார்"னு எழுதுனேன். அது சொன்னதுதானுங்க, நான் இட்டுக்கட்டலை. மொதக் கையெழுத்து என்னோடது. கேமரா பாத்ததையும் எழுதுனேன், வெளியாள் ஒருத்தரும் வரலைன்னு. அதுவும் நெசந்தான். ஒரு வரி பொய் கெடையாது அதுல.

எட்டே நாள்ல துளசிமணிய வேலைய உட்டு நிறுத்திட்டாங்க.

நிறுத்துன அன்னைக்குப் பொழுதோட வந்துது. சண்டைக்கு வருதுன்னுதான் நெனச்சேன். சாந்தாமணி உள்ள போயிட்டா. அது படியேறலை, இந்தா, நீங்க உக்காந்திருக்கற எடத்துக்குப் பக்கத்துல நின்னுச்சு. "மனு நீங்க எழுதுனதுங்களாங்ணா?"ன்னு கேட்டுச்சு. "சங்கத்துல அல்லாரும் சேந்து எழுதுனது அம்மிணி"ன்னேன். குழியக் குனிஞ்சு பாத்துச்சு. புள்ளைக்குக் கடைசி வருசம், அது இதுன்னு ஏதாச்சும் சொல்லும், நாமளும் ஒரு ஆறுதல் சொல்லலாமுன்னு இருந்தேன். போறப்ப மட்டும், சத்தமே இல்லாம, "பாய் மரத்துக்கும் இதே தண்ணிதானுங்ணா ஊத்துனேன்"னு சொல்லிப்போட்டுப் போயிருச்சு.

அந்த ஒரு வார்த்தைதானுங்க. ஒரு மாசமாக் கெடந்து உறுத்துது. வஞ்சிருந்தா மறந்திருப்பேன். மண்ணை வாரித் தூத்தியிருந்தா, "போடி"ன்னுட்டு இருந்திருப்பேன். பதினெட்டு வருசத்துல ஒரு பூகூடக் கொறைச்சுக் குடுக்காத பொம்பளை. பொய் சொல்லவும் தெரியாதே அதுக்கு. அப்ப மரம் எதுனால செத்துது? சொல்லுங்க பாக்கலாம்.

பாருங்க, இப்ப வேற ஆள் போட்டிருக்காங்க, வடக்கத்திப் பையன் ஒருத்தன். லாரி மாத்தியாச்சு, குடிக்கற தண்ணியே ஊத்தறாங்க. இருவது நாளைக்கு முன்னாடி நட்டது இது. இந்த எலையப் பாருங்க. இல்லீங்க, கீழ இருக்கறதைப் பாருங்க. ஓரம் கருகுதா? எனக்குத்தான் அப்படித் தெரியுதோன்னு நெனச்சேன். நீங்களும் சொல்றீங்க. பகவானே.

இருங்க, சாந்தாமணி கூப்புடறா. இந்தா வந்துட்டேன்! வெள்ளிக்கெழமை இல்லீங்களா, வெளக்கு வெச்சாச்சு. ஒரு நிமிசமுங்க, சுத்திப் போட்டுப்போட்டு வந்துடறேன். 

ஆச்சுங்க, கொடத்தைச் சுத்தி எடுத்தாந்துட்டேன். நீங்க உக்காருங்க, காலை மட்டும் கொஞ்சம் ஒதுக்கிக்கோங்க, மேல தெறிச்சாலும் ஆகாது.

ம், என்னங்க? என்ன கேட்டீங்க?

பாயா? பாய் எதுக்குங்க சுத்திப் போடறாரு, அவங்களுக்கு அந்தப் பழக்கமெல்லாம் இல்லை. பேங்குலயா? பேங்குல ஆரு சுத்திப் போடுவாங்க, அஞ்சு மணிக்குப் பூட்டிட்டுப் போயிருவாங்க. வேற கடையிலெல்லாம் உண்டு. அல்லாக் கடையிலயும் உண்டு. பாய் கடையிலயும் பேங்குலயுந்தான்...

இல்லீங்க. ரெண்டு கை உப்புங்க. ரெண்டே ரெண்டு கை. வூட்டுச் சோத்துக்குப் போடற உப்புத்தானுங்க, வெசமா அது?

நாப்பத்தெட்டு நாள், ஆமாங்க. அப்புறம் வெள்ளிக்கு வெள்ளி. ஒரு வெள்ளி உட்டதில்லை.

கேமராவுல நாங்கதான் வந்தோம். அதைத்தான் நான் சொன்னேனே. நானே ஓட்டிப் பாத்தேன். நானே எழுதுனேன், வெளியாள் ஒருத்தரும் வரலைன்னு.

அந்த அம்மிணி வூடு எங்க இருக்குதுன்னுகூட எனக்குத் தெரியாதுங்க. நித்தமும் பூ வாங்கியிருக்கறன். எந்தப் பக்கத்துல இருந்து வர்றேன்னு ஒருநாள் கேட்டதில்லை. பாய்க்குத் தெரிஞ்சிருக்கும். பாய்கிட்டப் போய்க் கேக்கோணும். கேட்டா எதுக்குன்னு கேப்பாரு.

சாந்தாமணி வாசல்லயே நிக்கறா பாருங்க. கொடத்தைச் சுத்தியாச்சு, இனி உள்ள கொண்டு போகக் கூடாது. கீழ வெக்கவும் கூடாது. ரோட்டுல ஊத்துனா உங்க வூட்டுக்காரம்மா மிதிச்சுட்டு வருவாங்க. ராமலிங்கம் அந்தா ஊத்திட்டு உள்ள போறாரு. செருப்புக்கடைக்காரரும் எறங்கிட்டாரு. கை வலிக்குதுங்க எனக்கு.

எந்திரிக்காதீங்க, ஒரு நிமிசம் இருங்க. நாயம் சொல்றேன்னு உக்காந்தீங்கல்ல? சொல்லிப்போட்டுப் போங்க. இதை இப்ப நான் எங்க கொண்டு போய் ஊத்தறது?